ரோட் ரக்ஸும் இல்லை, எம்ஓடியும் இல்லை: காரை எம்ஓடிக்கு ஓட்டிக்கொண்டு போகலாமா?

சவுத் ஹரோக்காரன் · ஞாயிறு இரவு 9.40

வணக்கம் உறவுகளே. வீட்டு வாசலில் 14 மாதமாக நிற்கிற காரை எம்ஓடிக்கு (இங்கே பிரிட்டனில் வருடா வருடம் காருக்குச் செய்ய வேண்டிய சோதனை) கொண்டு போக வேண்டும். கேள்வி அவ்வளவுதான். ஆனால் கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

அப்பாவுக்கு ஏலாமல் வந்து போன வருடம் ஊருக்குப் போனேன். மூன்று கிழமை என்று போனது, அவருடைய செத்தவீடு, காணி உறுதி, பிறகு ஆண்டுத்திவசம் என்று இழுத்து இழுத்து 14 மாதமாகிவிட்டது. மனுசிக்கு லைசன்ஸ் இல்லை. ஆகவே கார் அசையவில்லை. 2009 யாரிஸ், பெற்றோல். மகள் ஒன்லைனில் சோர்ன் (கார் ரோட்டில் ஓடாது என்ற அறிவிப்பு) போட்டுவிட்டாள், அதனால் ரக்ஸ் (வீதி வரி) பிரச்சினை வரவில்லை. எம்ஓடி ஒக்ரோபரில் முடிந்துவிட்டது. இன்சூரன்ஸ் இருக்கிறது, மாதா மாதம் வங்கியிலிருந்து காசு போகிறது. ஜன்னல் ரப்பர் முழுக்கப் பச்சையாகப் பாசி. வைப்பருக்குக் கீழே ஒரு சின்னச் செடியே முளைத்திருக்கிறது.

ரக்ஸ் கட்டப் போனால் எம்ஓடி கேட்கிறது. எம்ஓடிக்குப் போவதென்றால் காரை ரோட்டில் இறக்க வேண்டும். ரோட்டில் இறக்குவதென்றால் ரக்ஸ் வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை.

வேலையிடத்துப் பெடியன் ஒருவன், லொறியில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும், வேறு வழியே இல்லை என்கிறான். கராஜ் மூன்று மைல்கூட இல்லை, அதற்கு 90 பவுண்ஸ் கேட்கிறார்கள். நான் டெலிவரி வான் ஓட்டுகிறவன். ஸ்பீட் கமராவில் வாங்கிய 3 பொயின்ற்ஸ் (தண்டனைப் புள்ளி) லைசன்ஸில் ஏற்கனவே இருக்கிறது. விளையாட்டாக எதையும் செய்ய ஏலாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வெம்பிளி மச்சான் · ஞாயிறு இரவு 9.58

மூன்று மைலுக்கா இவ்வளவு எழுதினீர்கள்? விடிய 6 மணிக்கு உள்ரோட்டாலே ஓட்டிக்கொண்டு போய்க் கராஜ் வாசலில் விட்டுவிட்டு வாங்கோ. யார் பார்க்கப் போகிறார்கள்.


ராம்புக்குக் கீழே · ஞாயிறு இரவு 11.15

மச்சான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பிறகு என்னிடம் வந்து தலையில் கை வைத்தவர்கள் கனபேர். 17 வருடமாக எம்ஓடி பார்க்கிறேன். முந்தி என்றால் பொலிஸ்காரன் குனிந்து கண்ணாடியில் ஒட்டிய ரக்ஸ் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். 2014 ஒக்ரோபர் 1 உடன் அந்த வட்டக் கடதாசி போய்விட்டது. இப்போது கமராதான் நம்பர் பிளேட்டை வாசிக்கிறது. அதற்கு விடிய 6 மணியும் ஒன்றுதான், மத்தியானம் 12 மணியும் ஒன்றுதான்.

ஆனால் லொறியும் தேவையில்லை. சட்டமே வழி விட்டிருக்கிறது. அது எவ்வளவு ஒடுக்கமான வழி என்று விளங்கிக்கொண்டால் போதும்.

இங்கே இரண்டு குற்றம், இரண்டு விலக்கு. ஆட்கள் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். எம்ஓடி இல்லாமல் ஓட்டுவது 1988 ஆம் ஆண்டு ரோட் ட்ராபிக் சட்டத்தின் 47 ஆம் பிரிவில் வருகிறது. அதற்கான விலக்கு 1981 ஆம் ஆண்டு எம்ஓடி விதிகளில், 6 ஆம் விதியில் இருக்கிறது: முன்கூட்டியே ஏற்பாடு செய்த சோதனைக்குக் கொண்டு போகலாம், அங்கிருந்து கொண்டு வரலாம். ரக்ஸ் வேறு சட்டம், 1994 ஆம் ஆண்டினுடையது. அதில் 2 ஆம் அட்டவணை, 22 ஆம் பந்தி. அங்கே சொற்கள் இன்னும் இறுக்கம். குறித்த திகதியில் குறித்த நேரத்துக்கு என்று ஏற்பாடு இருக்க வேண்டும். அந்தத் தேவைக்கு மட்டும் கார் ரோட்டில் ஓட வேண்டும்.

அந்த "குறித்த நேரம்" என்பதைக் கவனியுங்கள். நம்முடைய ஆட்களின் கராஜில் ஃபோன் பண்ணினால், "செவ்வாய்க்கிழமை எப்ப எண்டாலும் கொண்டு வாங்கோ அண்ணை" என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அது உங்களுக்கு உதவாது. செவ்வாய் 10.30 என்று நேரம் போட்டு, கார் நம்பரோடு ஒரு ரெக்ஸ்ட் அல்லது ஈமெயில் அனுப்பச் சொல்லுங்கள். வழியில் மறித்தால் அதைக் காட்டலாம். சந்தேகமென்றால் பொலிஸ் கராஜுக்கே அடித்துக் கேட்கும், எனக்கு அப்படி இரண்டு மூன்று தடவை அழைப்பு வந்திருக்கிறது. டயரியில் பேர் இருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இல்லாவிட்டால் நான் உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்.

சோர்னை எடுக்கத் தேவையில்லை, இருக்கட்டும். ரக்ஸ் கட்டும்போது அது தானாகவே போய்விடும். அதுவரை இந்தப் பயணம் தவிர வேறு எதற்காவது ஓட்டினால் கோர்ட்டில் 2,500 பவுண்ஸ் வரை தீட்டலாம்.

இனி எனக்கு உதைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். இன்சூரன்ஸுக்கு இந்த விலக்கு எதுவும் கிடையாது. எம்ஓடிக்குத்தான் போகிறேன் ஐயா என்று சொன்னாலும் சரி, கராஜ் அடுத்த வாசல் என்றாலும் சரி. பிடித்தால் அந்த இடத்திலேயே 300 பவுண்ஸும் 6 பொயின்ற்ஸும், காரையும் தூக்கிக்கொண்டு போகலாம். உங்களிடம் இருக்கிற 3 உடன் சேர்த்தால் 9. காசு போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு போகிறது? முந்திப் போன அதே தொகையா? நாளைக்குக் காலமை முதல் வேலையாக அவர்களுக்கு ஃபோன் எடுங்கள்.

காரைப் பற்றியும் ஒரு சொல். எம்ஓடி இல்லாமல் ஓட்ட விலக்கு இருக்கிறதே தவிர, பழுதான காரை ஓட்ட விலக்கு இல்லை. தேய்ந்த ரயர் ஒன்றுக்கு 2,500 பவுண்ஸ் வரையும் 3 பொயின்ற்ஸும். நாலு ரயர் என்றால் நாலால் பெருக்குங்கள். ஆழம் 1.6 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். 20 பென்ஸ் குற்றியைத் தவாளிப்புக்குள் செருகிப் பாருங்கள், அதன் ஓர விளிம்பு வெளியே தெரிந்தால் அளந்து பார்க்க வேண்டிய ரயர். 14 மாதம் ஒரே இடத்தில் நின்றதால் பக்கச் சுவரில் வெடிப்பு வந்திருக்கும், அதையும் விரலால் தடவிப் பாருங்கள். காற்று அடியுங்கள். பிறேக் டிஸ்க் முழுக்கக் கறள் பிடித்திருக்கும். முதல் இரண்டு மூன்று பிறேக்குக்கு அரைக்கிற சத்தம் கேட்கும், அது போய்விடும். ஆனால் பெடல் அடிவரை போனாலோ, கார் ஒரு பக்கம் இழுத்தாலோ, அப்படியே நிற்பாட்டிவிட்டு லொறிக்காரனுக்கு 90 பவுண்ஸைக் கொடுங்கள். ஹான்ட்பிறேக்கை இழுத்துவிட்டா ஊருக்குப் போனீர்கள்? அப்படியென்றால் பின்பக்கம் ஒட்டிப் பிடித்திருக்கக்கூடும். டிரைவ்வேயிலேயே முன்னும் பின்னும் உருட்டிப் பாருங்கள்.

எயர் ஃபில்ரர் பெட்டியையும் ஒருக்கால் திறவுங்கள். சிரிக்காதீர்கள். போன மாரியில் இரண்டு வருடம் நின்ற ஒரு கோர்சா வந்தது. திறந்தால் உள்ளே எலிக்கூடு. பொனட்டின் அடிப்பஞ்சைப் பிய்த்து மெத்தை மாதிரி வடிவாகக் கட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் குருவிக்குப் போடுகிற சூரியகாந்தி விதை இரண்டு பிடி அளவுக்குச் சேமிப்பில் இருந்தது. கார்க்காரர் இஞ்சின் இழுக்கவில்லை என்று பெற்றோலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசருக்குத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் அடிக்காததற்கே ஃபெயில் போட்டிருக்கிறேன், வெட்கக்கேடு.


மீன்காரி இல்லை · திங்கள் காலை 8.20

"மட்டும்" என்ற சொல்லின் விலையை நான் சொல்கிறேன். ஈஸ்ற்ஹாமில் இருந்தபோது நடந்தது.

என்னுடைய மைக்ராவுக்கு 11.30 க்கு எம்ஓடி புக் பண்ணியிருந்தேன். ரக்ஸ் இல்லை, எம்ஓடி இல்லை, இன்சூரன்ஸ் இருந்தது. ரெக்ஸ்ட் ஃபோனில் பத்திரம். 10.30 க்கே வெளிக்கிட்டுவிட்டேன். ஒரு மணித்தியாலம் கிடக்கிறதே, கராஜில் போய்க் குந்தியிருந்து என்ன செய்வது என்று வழியில் ஒரு கடையில் நிற்பாட்டினேன். அரைக் கிலோ சூடை, ஒரு கட்டுக் கறிவேப்பிலை. மிஞ்சிப் போனால் எட்டு நிமிடம்.

காரில் ஏறித் திறப்பைப் போடுகிறேன், பின்னால் நீல லைற். பெடியன் நல்ல மரியாதையாகத்தான் கதைத்தான். ரெக்ஸ்டைக் காட்டினேன். வடிவாக வாசித்தான். பிறகு என் மடியில் இருந்த பையைப் பார்த்தான். பை ஒழுகிக்கொண்டிருந்தது. "உங்கள் எம்ஓடி இந்தக் கடையிலா?" என்று கேட்டான். எனக்கு வாயில் பதில் வரவில்லை.

எம்ஓடி இல்லாததற்கு 100 பவுண்ஸ். ரக்ஸுக்கு டிவிஎல்ஏயிலிருந்து (வாகனப் பதிவு அலுவலகம்) கடிதம் தனியாக வந்தது. நேரே போயிருந்தால் ஒன்றும் இல்லை என்பதை அவனே சொன்னான், அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். அன்றைய அல்லோலகல்லோலத்தில் மீனைப் பின் சீற்றில் மறந்து, கார் இரண்டு கிழமை நாறியது.

தம்பி, நேரே போங்கள், நேரே வாங்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவது, போகிற வழியில் பார்சல் போடுவது, ஒன்றும் வேண்டாம்.


தேம்ஸ் கரை · திங்கள் காலை 10.05

வணக்கம் சார். நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் கிட்டத்தட்ட இதே கேள்வி. நான் ரெடிங்கில் இருக்கிறேன், ஊர் கோயம்புத்தூர். லெஸ்டரில் ஒருவரிடம் 2012 ஃபியஸ்டா ஒன்று பேசி முடித்திருக்கிறேன். விலை நல்ல விலை, ஏனென்றால் எம்ஓடி முடிந்து நாலு மாசம் ஆகிவிட்டது. ரெடிங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து கராஜில் சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு புக் செய்துவிட்டு, காலையில் லெஸ்டரில் காரை எடுத்து நேராக கராஜுக்கே ஓட்டி வந்தால் சரிதானே? இன்சூரன்ஸ் எடுத்துவிடுவேன். நூறு மைல் பக்கம் வரும். பத்து மைல்தான் எல்லை, பக்கத்தில் இருக்கிற கராஜுக்குத்தான் போகணும் என்றெல்லாம் ஆபீசில் சொல்கிறார்கள்.


ராம்புக்குக் கீழே · திங்கள் மதியம் 1.10

தேம்ஸ் கரைத் தம்பிக்கு: பத்து மைல் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. பக்கத்து கராஜ் என்றும் இல்லை. ஆனால் "அந்தத் தேவைக்கு மட்டும்" என்று இருக்கிறதே, அதை நினையுங்கள். எம்1 மோட்டர்வேயில் மறித்து, "லெஸ்டரில் கராஜே இல்லையா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? எம்ஓடிக்குப் போகிறேன் என்பீர்கள். வாங்கிய காரை வீட்டுக்குக் கொண்டு போகிறீர்கள் என்பது அவர்களுக்கும் விளங்கும், மஜிஸ்ட்ரேட்டுக்கும் விளங்கும். வழக்காடி வெல்லலாமோ என்னவோ, ஒரு ஃபியஸ்டாவுக்காக அதைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

அதைவிடப் பெரிய விஷயம், நாலு மாதம் எம்ஓடி இல்லாத, நீங்கள் அறியாத ஒரு காரை நூறு மைல் மோட்டர்வேயில் முதல் ஓட்டமாக ஓட்டுவது. விற்கிறவரையே லெஸ்டரில் எம்ஓடி எடுத்துத் தரச் சொல்லுங்கள். எம்ஓடிக்கு உச்சக் கட்டணம் 54.85 பவுண்ஸ், அதை நீங்கள் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். மாட்டேன் என்றால் ஏன் நல்ல விலை என்பது விளங்கிவிடும். கார் நம்பரைப் போட்டு அரசாங்கத் தளத்தில் பழைய எம்ஓடிகளை எல்லாம் காசில்லாமல் பார்க்கலாம், எந்த வருடம் எதற்கு ஃபெயில் ஆனது, எத்தனை மைல் என்று எல்லாம் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

இன்னொன்று, அவர் ரக்ஸ் கட்டியிருந்தாலும் அது உங்களுக்கு வராது. 2014 இலிருந்து கார் கைமாறினால் ரக்ஸ் கூடவே போவதில்லை. லொக்புக்கில் (காரின் பதிவுப் பத்திரம்) இருக்கிற பச்சைத் துண்டை வாங்குங்கள். அதிலுள்ள 12 இலக்கத்தை வைத்து அங்கே நின்றபடியே ஃபோனில் கட்டிவிட்டு ஓட்டலாம்.


கணக்குப்பிள்ளை · திங்கள் மாலை 6.30

இரண்டு விஷயம் விடுபட்டிருக்கிறது.

ஒன்று யூலெஸ், புகை கூடிய பழைய வண்டிகளிடம் லண்டனில் எடுக்கிற நாள் கட்டணம். 2023 ஆகஸ்ட் 29 இலிருந்து லண்டன் பரோக்கள் அத்தனையிலும் வந்துவிட்டது, ஹரோ உட்பட. எம்ஓடிக்குப் போகிறேன் என்பது அந்தக் கமராவுக்குக் கணக்கில்லை. சவுத் ஹரோக்காரனின் யாரிஸ் 2009 பெற்றோல் என்பதால் புகைத் தரத்தில் யூரோ 4, பிரச்சினை இல்லை. பழைய டீசல் வைத்திருக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டு வெளிக்கிட்டால் அன்றைக்கு 12.50 பவுண்ஸ் கட்டத்தான் வேண்டும். ஓடிய நாளுக்குப் பிறகு மூன்றாம் நாள் நள்ளிரவு வரை கட்ட நேரம் இருக்கிறது. மறந்தால் 180, இரண்டு கிழமைக்குள் கட்டினால் 90. என் மைத்துனர் சோதனைக்குப் போகவும் ரீரெஸ்ற்றுக்கு (மறுசோதனை) போகவும் இரண்டு நாள் ஓட்டி, இரண்டையும் மறந்து, எம்ஓடியை விட மூன்று மடங்குக்கு மேல் கட்டினார்.

மற்றது, ரோட் ரக்ஸ் மாதக் கணக்கு. 29 ஆம் திகதி கட்டினாலும் அந்த மாதம் 1 ஆம் திகதியிலிருந்துதான் எடுப்பார்கள். இன்றைக்கு மாதக் கடைசி. வருகிற வியாழன் புதிய மாதம் பிறந்துவிடும். அதற்குப் பிறகு புக் பண்ணுங்கள். சின்னக் காசுதான், ஆனால் ஏன் விடுவான்.


சவுத் ஹரோக்காரன் · செவ்வாய் இரவு 8.15

எல்லாருக்கும் நன்றி. ராம்ப் அண்ணைக்கு ஒரு கும்பிடு கூட.

இன்சூரன்ஸுக்கு ஃபோன் எடுத்தேன். 38 நிமிடம் பியானோ வாசித்தார்கள். பிறகு வந்த பிள்ளை என் பொலிசியைத் திறந்து பார்த்துவிட்டு, "உங்களுடைய கார் ரோட்டில் இல்லை என்று பதிந்திருக்கிறது" என்றாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஊரிலிருந்து, அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த நாளில், வராந்தாவில் நின்று அவர்களுடன் கதைத்திருக்கிறேன். லைன் விட்டு விட்டுக் கேட்டது. கார் ஓடாது, சோர்ன் போட்டாயிற்று என்று சொன்னேன். அப்படியென்றால் காசைக் குறைக்கலாம் என்றார்கள், நல்லது என்றேன். அவ்வளவுதான் என் மண்டையில் நின்றது. அவர்கள் செய்தது என்னவென்றால், நின்ற இடத்தில் தீப்பிடித்தாலோ களவு போனாலோ மட்டும் தருகிற கவருக்கு மாற்றியிருக்கிறார்கள். ரோட்டில் ஒரு அடி வைத்தாலும் இன்சூரன்ஸ் இல்லாத கார். பிழை என்னுடையதுதான், ஈமெயிலும் வந்திருக்கிறது, நான் திறக்கவில்லை.

அண்ணை "முந்திப் போன அதே தொகையா" என்று கேட்டிராவிட்டால் அந்த ரெக்ஸ்டை மட்டும் நம்பிக்கொண்டு வெளிக்கிட்டிருப்பேன்.

எம்ஓடி முடிந்த கார் என்றும் சொன்னேன், மறைக்கவில்லை. புக் பண்ணிய சோதனைக்குப் போவதென்றால் கவர் உண்டு என்று சொன்னாள், அதை எழுத்தில் கேட்டு வாங்கினேன். வெள்ளிக்கிழமை காலை 10.30 க்குக் கராஜ். வெள்ளி அதிகாலையிலிருந்து முழுக் கவர், கூடுதல் காசு கட்டியாயிற்று.

ஒரு கேள்வி மட்டும். ஃபெயில் ஆனால் காரைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு வரலாமா?


ராம்புக்குக் கீழே · செவ்வாய் இரவு 10.50

இன்சூரன்ஸ் டேற்றாபேஸில் ஏறச் சில நாள் பிடிக்கலாம், அதனால் கமரா உங்களை இன்சூரன்ஸ் இல்லாத ஆளாகக் காட்டக்கூடும். சேர்ட்டிபிக்கற்றை ஃபோனில் இறக்கி வைத்திருங்கள். நெற் இல்லாத இடத்திலும் திறக்கிற மாதிரி.

ஃபெயில் ஆனால் என்ன வகை ஃபெயில் என்பதைப் பொறுத்தது. 2018 மே மாதத்திலிருந்து மைனர், மேஜர், டேஞ்சரஸ் என்று பிரித்துத்தான் எழுதுகிறோம். மைனர் ஃபெயில் இல்லை. டேஞ்சரஸ் என்று ஒன்று விழுந்தால் கார் அங்கேயே நிற்க வேண்டியதுதான், ஓட்டவே கூடாது. மேஜர் என்றால் சோதனையிலிருந்து கொண்டு வரவும், புக் பண்ணிய இடத்துக்குத் திருத்தக் கொண்டு போகவும் விலக்கு இருக்கிறது. ஆனால் இப்போது உங்கள் கையில் ஒரு கடதாசி இருக்கும், அதில் காரில் என்ன பழுது என்று என் போல ஒருவன் எழுதியிருப்பான். பிறேக் பழுது என்று எழுதிய கடதாசியை வைத்துக்கொண்டு, எனக்குத் தெரியாது ஒஃபிசர் என்று சொல்ல ஏலாது.

அதனால் அங்கேயே விடுங்கள். அங்கேயே விட்டு அவர்களிடமே திருத்தினால், 10 வேலை நாளுக்குள் ரீரெஸ்ற்றுக்குக் காசு இல்லை.

பழைய பெற்றோல் அரைத் தாங்கி கிடந்தால், 5 லீற்றர் கானில் புதிதாக வாங்கி வந்து வீட்டில் வைத்தே ஊற்றுங்கள். பெற்றோல் பங்கில் நிற்பாட்டுகிற வேலை வேண்டாம், மீன் அக்காவின் கதையை வாசித்தீர்கள்தானே.


சவுத் ஹரோக்காரன் · சனி மாலை 5.30

முடிந்தது. வரிசையாகச் சொல்கிறேன், பிறகு தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

வியாழன் பின்னேரம் பக்கத்து வீட்டுக் குஜராத்தி மாமா ஜம்ப் லீட் கொண்டு வந்தார். பற்றரி உயிர் பிடிக்க இருபது நிமிடம். எயர் ஃபில்ரர் பெட்டியைப் பயந்து பயந்து திறந்தேன். எலி இல்லை, ஒரு மேப்பிள் இலை மட்டும். ஹான்ட்பிறேக் அண்ணை சொன்னபடியே. ரிவேர்ஸ் போட்டு விட்டதும் பின்பக்கம் "டங்" என்று ஒரு சத்தம், மனுசி குசினியிலிருந்து ஓடி வந்தாள். வைப்பர் செடியை மகள் பிடுங்கி ஒரு யோகட் கோப்பையில் நட்டு வைத்திருக்கிறாள்.

வெள்ளி 10.10 க்கு வெளிக்கிட்டேன். முதல் பிறேக்குக்குக் கல் அரைக்கிற சத்தம், மூன்றாவதுக்குப் போய்விட்டது. நோத்தோல்ற் ரோட்டில் சிவப்பு லைற்றில் நிற்கிறேன், பக்கத்து லேனில் பொலிஸ் கார். ஓட்டுகிறவன் என்னைப் பார்க்கவில்லை, கண் முன்னே இருக்கிற ஸ்க்ரீனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். லைற் மாறியதும் பின்னால் வந்து நீலத்தைப் போட்டுவிட்டான். ரெக்ஸ்ட், சேர்ட்டிபிக்கற், லைசன்ஸ் மூன்றையும் நீட்டினேன். கராஜுக்கு அடித்தான். "10.30, யாரிஸ், ஓம் வருகுது" என்று கராஜ் பெடியன் சொன்னது ஃபோன் ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது, "ஓம்" என்பதைத் தமிழிலேயே சொல்லிவிட்டான். பொலிஸ்காரன் ரயர் நாலையும் சுற்றிப் பார்த்தான். 10.34 க்குக் கராஜில் நின்றேன்.

ஃபெயில். பின் பிறேக் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குப் பிடிக்கவில்லை, நம்பர் பிளேட் லைற் ஒன்றுமே எரியவில்லை. மேஜர் இரண்டு, டேஞ்சரஸ் இல்லை. அங்கேயே விட்டுவிட்டு 140 ஆம் நம்பர் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். இன்றைக்கு மத்தியானம் திருத்தி பாஸ். பாஸ் ஆனதும் கவுண்டரில் நின்றபடியே லொக்புக்கிலுள்ள 11 இலக்கத்தைப் போட்டு ரக்ஸ் கட்டினேன், ஐந்து நிமிடம்கூட இல்லை. சோர்ன் தானாகவே போய்விட்டது. பிறகுதான் திறப்பை வாங்கினேன்.

வரும் வழியில் நிற்பாட்டி மீன் வாங்கினேன். சூடைதான்.

முன் ரயர் இரண்டிலும் பக்கச் சுவர் லேசாக வெடித்திருக்கிறது என்று அட்வைசரி (கவனிக்கச் சொல்கிற குறிப்பு) எழுதியிருக்கிறார்கள். தவாளிப்பு நல்ல ஆழம். கரையில் ஒரு நீள்வட்டத்துக்குள் 1216 என்று இருக்கிறது. இன்னும் ஒரு வருடம் ஓட்டலாமா?


ராம்புக்குக் கீழே · சனி இரவு 9.05

1216 என்றால் 2016 ஆம் ஆண்டு 12 ஆம் கிழமை செய்த ரயர். அட்வைசரி என்றால் ஃபெயில் இல்லை, ஓடலாம். ஆனால் நீங்கள் மோட்டர்வேக்கு ஏறுகிற ஆள். இந்த மாதமே இரண்டையும் மாற்றுங்கள், லொறிக்கு மிச்சம் பிடித்த 90 பவுண்ஸ் இருக்கிறதுதானே.